கல்யாணத்துக்கு ஒல்லி எழுத்து

நான் செத்துப்போன சேதி எனக்குத் தெரியவந்தது ஒரு சந்தை நாள் மத்தியானம்.

தேனி பஜாரை ஒட்டிய சந்தில் எங்கள் அப்பா அச்சகம் வைத்திருந்தார். அதன் பின்கட்டில்தான் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நானும் அங்கே எழுத்துக் கோக்க நின்றுவிட்டேன். அன்றைக்கும் ஒரு ஜவுளிக்கடை பில்புக்குக்காக, எழுத்து அடுக்கும் சின்ன இரும்புத் தட்டான ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் வெளியூர்ப் பெண்கள் கேத வீட்டுக்கு வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டுதான் வருவார்கள். வெற்றிலை போடுவார்கள், கண்டக்டரோடு சில்லறைக்கு மல்லுக்கட்டுவார்கள். துக்க வீட்டுத் தெரு திரும்பியதும்தான் முடியை அவிழ்த்துவிட்டு ஆரம்பிப்பார்கள். எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மெஷின்மேன் காதரண்ணன், காலால் மிதித்து ஓட்டும் டிரெடிலை நிறுத்தினார்.

"நம்ம தெருவுல யாரு பாப்பா?"

"தெரியலையேண்ணே. மாவு மில்லுக்காரரு ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு கெடந்தாரு."

"அவரு இப்பத்தான எங்கிட்ட ஒரு பீடி வாங்கிட்டுப் போனாரு."

சத்தம் மாவு மில்லைத் தாண்டியது. சோடாக் கடையைத் தாண்டியது. நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. முன்னால் வந்தது உத்தமபாளையம் சலோமி அத்தை. எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஜெயசீலனுக்கு அவர் சொந்த அத்தை. ஜெயசீலன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைப் பெற்றவள் போய்விட்டாள். பால் புகட்டி ஆளாக்கி விட்டது இந்த அத்தைதான். எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

கண்ணை மூடிக்கொண்டே படியேறி வந்த அத்தை, எதிரில் முதலில் அகப்பட்ட பெண்ணைக் கட்டிப் பிடித்தார். அகப்பட்டது நான்.

"ஏ ராசாத்தி எஸ்தரு... பந்தலு போடுற வீட்டுல பாடை கட்ட வச்சிட்டியே... எம்புள்ளையையும் கூடக் கூட்டிட்டுப் போயிட்டியே..."

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு எனக்காக அழுதார். எனக்கோ கையில் இருந்த ஸ்டிக்கைக் கீழே போட முடியாது. போட்டால் காலையிலிருந்து கோத்தது முழுவதும் சிதறிவிடும். அதை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நான்தான் எஸ்தரு" என்றேன்.

அத்தை இன்னொரு அடி பாடி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் போட்ட கூச்சலில் சோடாக்கடைக்காரர் கையில் இருந்த பாட்டிலை விட்டுவிட்டார்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் என்னைத்தான் தப்பாக நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் என்னைத்தான் தப்பாக நினைத்தார்கள்.

காய்ச்சலில் கிடந்து எழுந்த எழுத்து

வருசத்துக்கு ஒருமுறை மதராஸிலிருந்து ஓர் ஏஜென்ட் வருவார். எழுத்து வார்க்கும் கம்பெனியின் மாதிரிப் புத்தகத்தை மேசை மேல் விரிப்பார். அப்பா அதைத் தொட மாட்டார். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தடித்த எழுத்து. நெட்டுக்குத்தாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். கோடு ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் மெலிந்து, முனையில் திருகலும் குமிழுமாக இருக்க வேண்டும். "காசு குடுக்கிறவனுக்குக் கண்ணு நெறஞ்சு தெரியணும்ல" என்பார்.

அந்த வருசம் நான்தான் புரட்டினேன். புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அதில் இருந்த எழுத்தை என்னவென்று சொல்ல? குமிழ் கிடையாது, திருகல் கிடையாது. தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம்வரை ஒரே மெலிசான கோடு, தலைமுடிக் கனம்தான் இருக்கும். அவ்வளவும் வலது பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. ஆடிக் காற்றில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு நெல் முழுவதும் ஒரே திசையில் சாயுமே, அப்படி.

எனக்கு அது வேண்டும் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா சோறு போட்டதால் அது நாலு நாள் தாங்கியது. கடைசியில் ஒரே ஒரு அளவில் மட்டும் வாங்கித் தந்தார்.

பெட்டியைப் பிரித்ததும் காதரண்ணன் ஓர் எழுத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது, காச்சல்ல கெடந்து எந்திரிச்ச எழுத்தா?"

அன்றிலிருந்து அதற்கு எங்கள் அச்சகத்தில் 'ஒல்லி' என்று பேராகிவிட்டது.

ஒல்லியை வைத்துக் குடும்பம் நடத்துவது லேசு இல்லை. சாய்வு எழுத்தாச்சே, அதன் தலை ஈயக் கட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து எழுத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும். கொஞ்சம் இறுக்கி முடுக்கினால் கை முறிந்துவிடும். மை கொஞ்சம் கூடினால் 'ண'வின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அமுக்கம் கூடினால் தாளைக் கீறிவிடும். முரட்டு மஞ்சள் தாளில் வைத்தால் இருக்கிற இடமே தெரியாது. காதரண்ணன் அதற்கென்று தனியாக மையைத் தேய்த்து, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி தொட்டுத் தொட்டு வைப்பார். வாயால் திட்டிக்கொண்டேதான் வைப்பார்.

அடுத்த சிக்கல், அதை யாருக்கு அடிப்பது? ஒரு குஸ்திப் போட்டி நோட்டீஸ் வந்தது. நான் ஆசை ஆசையாகப் பயில்வான் பேரை ஒல்லியில் கோத்துக் காட்டினேன். பயில்வானே நேரில் வந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏத்தா, இதப் பாத்தா எதிராளி என்னையத் தூக்கிட்டுப் போயிருவான்லத்தா" என்றார். எலெக்‌ஷனுக்கு நின்ற ஒருவர் அதைவிட மோசம். "பேரே சாஞ்சு கெடக்கு. நான் எப்படி நிமிந்து நிக்க?" என்று புரூஃபைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

தூரத்திலிருந்து பார்க்கிற எதற்கும் அது ஆகாது. கையில் எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் படிக்கிறதற்கான எழுத்து அது. இது எனக்குப் புரிந்தது. பஜாருக்குத்தான் புரியவில்லை.

முதல் போணி

ஒரு நாள் விடிகாலையில் அச்சகக் கதவைத் தட்டினார்கள். மார்க்கையன்கோட்டையில் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் தவறிவிட்டார். மதராஸில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் வந்திருந்தான்.

கேதப் பத்திரிகை என்றால் எங்களுக்கு முதல் பஸ் கிளம்புவதற்குள் அடித்தாக வேண்டும். அடித்த கட்டுகளைக் கம்பம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். அவர் வழி நெடுக ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் ஒரு கட்டை வீசிக்கொண்டே போவார். டீக்கடைக்காரர் பேரைப் படித்துச் சொல்வார், தெரிந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். படித்து முடித்ததும் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். துக்கப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் கதையே வேறு. தட்டில் சர்க்கரை, பூ, பழம் வைத்து வீட்டு ஆட்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து கடமலைக்குண்டு வரைக்கும் இதுதான் சட்டம்.

அந்தப் பையன் சுவரில் ஒட்டியிருந்த ஒல்லி மாதிரித் தாளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"இதுல அடிங்க. அப்பா சத்தம் போட்டுப் பேச மாட்டாரு."

நானே கோத்தேன். கறுப்புக் கரை கட்டின வெள்ளை அட்டையில் அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அங்கேதான் வினை பிடித்தது. பண்ணைக்காரர் வீட்டில் எது செய்தாலும் ஊர் அதையே செய்யும். அடுத்த வாரம் சின்னமனூரிலிருந்து ஒருவர் வந்தார். "அந்த மார்க்கையன்கோட்டைக் கார்டு எழுத்துல எங்க அண்ணாச்சிக்கும் போடுங்க" என்றார். அதற்கடுத்து தேவாரம், அதற்கடுத்து கூடலூர். அந்த வருசம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் வசதியாக இருந்து செத்த எல்லோருமே ஒல்லியில்தான் செத்தார்கள்.

அப்பாவுக்கு ஒரே சந்தோசம். "ஒன் எழுத்து பொழச்சிக்கிருச்சு ஆத்தா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நான் அதைக் கொண்டுவந்தது இதற்கா? டீக்கடைகளில் தூரத்தில் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார்கள், "கேத எழுத்து வந்திருக்கு, எந்த ஊருன்னு பாரு" என்று.

ஏலக்காய் லேபிள்

அந்த எழுத்தைச் சிரித்த முகத்தோடு பார்த்த ஒரே ஆள் ஜெயசீலன்தான். போடி பஜாரில் அவர்களுக்கு ஏலக்காய்க் கடை. சின்னப் பொட்டலத்துக்கு லேபிள் அடிக்க வந்திருந்தார். நல்ல உயரம், ஒல்லி உடம்பு, நடந்தால் ஆள் முன்னால் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். சட்டையிலிருந்து ஏலக்காய் வாசம் வரும்.

அப்பா தடி எழுத்தில் கோத்துக் கொடுத்தார். அந்தச் சின்ன லேபிளில் கடைப் பேர் மட்டும்தான் கொண்டது. ஊர்ப் பேருக்கு இடமில்லை. நான் சத்தமில்லாமல் ஒல்லியில் கோத்து ஒரு புரூஃப் எடுத்து நீட்டினேன். கடை, ஊர், தெரு, தரம் எல்லாம் அதற்குள் அடங்கி, சுற்றிலும் காற்றோட்டமாக இடமும் இருந்தது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அது கத்துது. இது பேசுதுங்க" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்களுக்குத் தெரிய இன்னும் ஒரு வருசம் ஆனது. அதுவரை போடிக்காரருக்கு மாசத்துக்கு ஒரு லேபிள் மாற்ற வேண்டியிருந்தது.

கல்யாணம் முடிவானதும் பத்திரிகையை ஒல்லியில்தான் அடிப்பேன் என்று நின்றேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாவு எழுத்துடி அது."

"யாரு சொன்னா? எழுத்து என்ன பாவம் பண்ணுச்சு? ரோஸ் அட்டையில அடிக்கிறேன். கறுப்புக் கரை கிடையாது. வாசிக்கிறவுக வாசிக்கட்டும்."

இன்றைக்கும் சொல்கிறேன், குற்றம் எழுத்தின் மேல் இல்லை. குற்றம் முழுக்க எங்கள் மோசஸ் மாமா மேல்.

மாமா செய்த வேலை

மோசஸ் மாமா அம்மாவின் தம்பி. நல்ல மனுசன், நடக்கத்தான் பிடிக்காது. கம்பம் பாதையில் இருக்கிற உறவுமுறைக்கெல்லாம் பத்திரிகை வைக்கிற பொறுப்பை அவரிடம் விட்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் ஆள் குறைவு என்பதால், அவர்கள் பக்கத்துப் பத்திரிகையும் இந்தக் கட்டோடு சேர்ந்திருந்தது. தட்டு, சர்க்கரை, பூவுக்கெல்லாம் கொடுத்து அனுப்பினோம்.

மாமா தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். அங்கே ஒரு கண்டக்டர் சிநேகிதர். கட்டுகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாமா சினிமாவுக்குப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். கண்டக்டர் கையில் வந்தது. வீசினது டீக்கடையில். எழுத்தோ கேத எழுத்து, ரோஸ் அட்டையை யார் கவனித்தார்கள்? உத்தமபாளையம் டீக்கடைக்காரர் கட்டைப் பிரித்து மேலாகப் பார்த்தார். ரெண்டு பேர் இருந்தது. தேனி கோயில் என்று இருந்தது. எங்களைப் போன்ற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தேவாலயத்தைக் கோயில் என்றுதானே சொல்வோம். அவருக்கு அதற்குமேல் படிக்க மனசு வரவில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அத்தை வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"போடி ஜெயசீலனும் அந்தத் தேனிப் பொண்ணும் போயிட்டாகளாம். தேனிக் கோயில்லதான் வச்சிருக்காகளாம்."

ரெண்டு பேரும் ஒரே நாளில் எப்படி? அதற்கும் ஊரில் பதில் தயாராக இருந்தது. போடி மெட்டு ரோட்டில் பஸ் கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சின்னமனூர் வருவதற்குள் டிரைவரின் பேர் ஊர்கூடத் தெரிந்துவிட்டது. அத்தை வந்த பஸ்ஸிலேயே ரெண்டு பேர் எனக்காக அழுதார்களாம். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாயை நனைக்காத அத்தை

சரி, திரும்ப அச்சகத்துக்கு வருவோம்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்பது உறுதியானதும் அத்தை என் கன்னத்தைத் தடவினார், முத்தம் கொடுத்தார். பிறகு ஜெயசீலனும் போடியில் கடையில்தான் இருக்கிறார் என்று காதரண்ணன் அடித்துச் சொன்னார். அத்தை உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். கண்ணைத் துடைத்தார். அவிழ்த்த முடியை அள்ளி முடிந்தார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"அப்ப அது கல்யாணப் பத்திரிகையா?"

கேட்டுக்கொண்டே அத்தை எழுந்து நின்றார்.

"தூக்கி வளத்தவளுக்குப் பத்திரிகை கண்டக்டர் கையில வருது. அதுவும் சாவு எழுத்துல. சர்க்கரை இல்ல, பூ இல்ல. எம்புள்ள பேரை டீக்கடை அடுப்புல போட்டு எரிச்சிருக்கான். எரிச்ச பேருக்குக் கல்யாணமா?"

அப்பா கையைப் பிசைந்தார். "சம்மந்தியம்மா, தெரியாம நடந்துபோச்சு. ஒரு வாய் காப்பி குடிங்க."

"கேதத்துக்கு வந்தவ வாயை நனைக்க மாட்டா. இந்தக் கல்யாணம் வேணாம். எம்புள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கோயிலில் ரெண்டு ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம்தான். ஆனால் ஜெயசீலன் அத்தையின் சொல்லைத் தாண்ட மாட்டார். தாண்டுகிற ஆளாக இருந்தால் எனக்கே அவரைப் பிடித்திருக்காது. எனக்கு அந்த மனுசன் வேண்டும். ஒல்லி எழுத்தைக்கூட விட்டுவிடுவேன், அவரை விட முடியாது. இது எனக்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அந்த நிமிசம்தான்.

போடிக்கு ஆள் ஓடியது. அத்தை அச்சகத்து மர பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கூட வந்த பெண்கள் வரிசையாகக் கீழே உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கேத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினால் கேதம் கேதம்தான். ஒரு வாய் இனிப்புச் சாப்பிட்டுவிட்டால் வந்தது நல்ல வீட்டுக்கு என்று ஆகிவிடும். அத்தைக்கு இது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மா நேரே பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதலில் காப்பி வாசம் வந்தது. பிறகு உளுந்துவடை. பிறகு நெய்யில் ரவை வறுபடுகிற வாசம். பாவம், காலையில் சேதி கேட்டதிலிருந்து அந்தப் பெண்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அழுகை வேறு.

கொஞ்ச நேரத்தில் ஓர் அக்கா எழுந்தார். "மதினி, நான் பின்னால போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்துர்றேன்."

திரும்பி வந்தவர் வாயில் கேசரி மணத்தது. அடுத்தவருக்கும் மூஞ்சி கழுவ வேண்டியிருந்தது. பிறகு ரெண்டு பேர் சேர்ந்தே கழுவப் போனார்கள். கடைசியில் பெஞ்சில் அத்தை மட்டும்தான் மிச்சம்.

காதரண்ணன் மெஷினுக்குப் பின்னால் வடையை மென்றுகொண்டே, "பாதி செயிச்சாச்சு பாப்பா" என்றார்.

நடை

பொழுது சாயும் நேரத்தில் ஜெயசீலன் வந்தார். அத்தை அவரை முதலில் கட்டிப்பிடித்தார், பிறகு முதுகில் ரெண்டு அடி வைத்தார், பிறகு விசயத்தைச் சொன்னார். ஜெயசீலன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். வாய் திறக்கவில்லை.

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அத்தை மடியில் வைத்தேன்.

"நல்லாப் பாருங்கத்தை. எரிச்சவனும் பாக்கல, நீங்களும் பாக்கல."

"எனக்கென்னடி படிக்கவா தெரியும்?"

"படிக்க வேணாம். பாருங்க."

அத்தை பார்த்தார். விரலால் தடவினார். "எதுக்கு இப்படி ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு? செத்ததுக கெடக்குற மாதிரி?"

"செத்தவுக சாய மாட்டாகத்தை, நீட்டிப் படுத்துருவாக. நெட்டுக்குத்தா நிக்கிறதும் ஒரு இடத்துல நிக்கிறதுதான். இது நடக்குது. நடக்குறவுகதான் முன்னால சாய்வாக."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அத்தை என்னை முறைத்தார். அதற்குள் அம்மா உள்ளிருந்து ஜெயசீலனிடம் செம்பை நீட்ட, அவர் அதை வாங்கிக்கொண்டு வாசல் தொட்டிக்கு முகம் கழுவ நடந்தார். முன்னால் சாய்ந்து, ஒல்லியாக, அவர் நடக்கிற அதே நடை.

அத்தை அவரைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். திரும்பவும் அவரைப் பார்த்தார்.

"எட்டு மாசத்துல நடந்தான். அன்னைக்குருந்து இப்படித்தான். விழுந்துருவான் விழுந்துருவான்னு நான் பின்னாலயே ஓடுவேன். ஒரு நாளும் விழுந்ததில்ல." பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "ஆமா. எம்புள்ள மாதிரித்தான் இருக்கு."

சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து வந்தது. பெஞ்சே ஆடியது. சிரித்து முடித்ததும், "ஏத்தா, எனக்கு மட்டும் மூஞ்சி கழுவ எடம் இல்லையா?" என்று அம்மாவைக் கேட்டார்.

ரெண்டு தட்டு கேசரி சாப்பிட்டார். மூன்றாவதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் கையைத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டி. ரெண்டுக்கும் சேத்து வந்திருக்கு. நல்லா இருப்பாக."

அப்பா அவசர அவசரமாக, மறுபடியும் தடி எழுத்தில் அடித்துத் தருகிறேன் என்றார். அத்தை விடவில்லை. "அதே எழுத்துல அடிங்க சம்மந்தி. இந்தத் தடவ நான் கொண்டுபோறேன்" என்றார். மறுநாளிலிருந்து மோசஸ் மாமா தலையில் சர்க்கரைத் தட்டை ஏற்றி, கம்பம் வரைக்கும் ஊர் ஊராக நடத்தியே கூட்டிப்போனார். சினிமாவுக்குப் போன கடன் மாமாவுக்கு அந்த மூன்று நாளில் தீர்ந்தது.

கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை நான் அதற்கப்புறம் தேனியில் பார்த்ததில்லை. அழைத்தவர்களும் வந்தார்கள், பத்திரிகையைக் கிழித்தவர்களும் வந்தார்கள். செத்தவர்கள் மோதிரம் மாற்றுவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? பந்தியில் பிரியாணி பாதியிலேயே தீர்ந்துபோய், காதரண்ணன் உறவுக்காரர்களின் ஓட்டலிலிருந்து பரோட்டா வந்தது.

அதோடு ஒல்லியின் தலையெழுத்தும் மாறியது. ஆயுசு கெட்டியான எழுத்து என்று பேராகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பேர் வைக்கிறது, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்டார்கள். கேதத்துக்கு மட்டும் யாரும் சீந்தவில்லை. செத்தவருக்கு ஆயுசு கெட்டி என்று போட்டால் வாரிசுகளுக்குச் சங்கடம் அல்லவா?

அத்தையின் பத்திரிகை

பல வருசம் கழித்து, எண்பதுகளின் கடைசிப் பக்கம் அத்தை படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனபோது என்னைக் கிட்டத்தில் வரச் சொன்னார்.

"எஸ்தரு, அந்த ஒல்லி இன்னும் கெடக்கா?"

"இருக்கு அத்தை. ரொம்பத் தேஞ்சிருச்சு."

"எனக்கு அதுல போடு."

"அது இப்பக் கல்யாண எழுத்து அத்தை. ஊரே கொழம்பிரும்."

"கொழம்பட்டும். கேத வீட்டுக்கு எல்லாருமே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வாராக. யாராச்சும் ஒருத்தராவது சிரிச்ச மூஞ்சியா வரட்டும்."

அவர் போன அன்று விடிகாலையில் தேனி அச்சகத்துக்குப் போய் நானே கோத்தேன். கண்ணீர் மறைத்ததால் ரெண்டு வரிக்கு வெகுநேரம் ஆனது. முறிந்த எழுத்துகளை ஒதுக்கி, இருக்கிறதில் நல்லதாகப் பொறுக்கினேன். காதரண்ணன் ஒன்றும் திட்டாமல் மை வைத்தார். கட்டுகள் முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் போயின.

மத்தியானம், உத்தமபாளையத்தில் அத்தை வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, தெருவில் ஒருவர் வந்தார். கடமலைக்குண்டிலிருந்து எங்களுக்குச் சித்தப்பா முறை. காது சுத்தமாகக் கேட்காது. பட்டுச்சட்டை போட்டு, ஒரு கையில் வாழைத்தாரும் ஒரு கையில் சர்க்கரைப் பொட்டலமுமாக, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். அழுதவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் அவர் காதுக்குக் கிட்டத்தில் போய், "பத்திரிகை கண்டக்டர் கையில தான வந்துச்சு சித்தப்பா? அத வச்சே தெரிஞ்சிருக்கும்ல?" என்று கத்தினேன்.

"ஒங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கண்டக்டர் கையிலதானம்மா வரும்?" என்றார். பிறகு கழுத்தை நீட்டி எல்லோருக்கும் மேலாக எட்டிப் பார்த்து, "பொண்ணு எங்கன?" என்று கேட்டார்.

காலையிலிருந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயசீலன் முன்னால் வந்தார். சித்தப்பா கையிலிருந்த வாழைத்தாரை வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவர் கையைப் பிடித்தார்.

"உள்ளதான் இருக்காக. வாங்க சித்தப்பா."